ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால்: வரிசையில் நிற்க வைக்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பருத்திப்பால் (டல்லாஸ் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறு வயது. வசந்த கால சாஃப்ட்பாலுக்கு (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) பெயர் கொடுத்திருந்தோம். அணி பிரித்து முடித்த பிறகு லீகிலிருந்து ஒரு மெயில்: இந்த அணிக்குக் கோச் கிடைக்கவில்லை, பெற்றோரில் யாராவது வந்தால்தான் அணி நிற்கும். நானும் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் மாட்டியது நான்.

பின்னணிச் சோதனை, குழந்தைப் பாதுகாப்பு பற்றிய ஆன்லைன் பாடம் எல்லாம் முடித்தாயிற்று. விதிமுறைகளும் படித்துவிட்டேன், அதில் சந்தேகம் இல்லை. கவலை வேறு. பத்துப் பிள்ளைகள், எல்லாம் ஐந்து, ஆறு வயது. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் பிராக்டிஸ், சனிக்கிழமை மேட்ச். போன வருடம் பக்கத்து மைதானத்தில் ஓர் அணி பிராக்டிஸ் செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை பேட் பிடித்து நிற்க, மற்றதெல்லாம் புல் பிடுங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தி கிளவுஸைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த அணியில் பாதிப் பேர் இந்த வருடம் சேரவே இல்லை.

என் அணிக்கு அந்த நிலை வரக் கூடாது. அடுத்த சீசனுக்கும் இவர்கள் ஆசையாக வந்தால் போதும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

வாங்க சகோதரி. என் பெண்கள் இருவருக்கும் நான்தான் கோச். இந்த வயசுக் கூட்டத்தை மேய்த்துப் பழக்கம் உண்டு.

நீங்கள் பார்த்த அந்தப் புல் பிடுங்குவதுதான் மொத்த வியாதியும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் கைக்குப் பந்து எத்தனை முறை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நேரம் முழுக்க வெயிலில் நிற்பது. பெரியவர்கள் நாமே நிற்க மாட்டோம். அதனால் பிராக்டிஸ் திட்டம் போடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த நிமிடம் எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள்? இரண்டு மூன்று பேருக்கு மேல் என்றால் அந்தப் பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

எப்படிச் செய்கிறேன் என்றால், மைதானத்தை மூன்று இடமாகப் பிரித்துவிடுவேன். கூட இரண்டு பெற்றோரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஆட்டமே தெரியாதே" என்பார்கள். பந்தை உருட்டிவிடத் தெரிந்தால் போதும் என்று சொல்லி இழுத்து வாருங்கள். ஓர் இடத்தில் டீயில் (பந்தை மேலே வைக்கிற தண்டு) பந்தை வைத்து அடிப்பது, இன்னொன்றில் உருண்டு வரும் பந்தைப் பிடிப்பது, மூன்றாவதில் எறிவது. ஏழெட்டு நிமிடத்தில் இடம் மாற வேண்டும். மாறும்போது நடக்கக் கூடாது. ஒருமுறை தவளை, ஒருமுறை நண்டு, ஒருமுறை யானை. இந்த இடமாற்றத்துக்காகவே பிராக்டிஸுக்கு வருகிற பிள்ளைகள் உண்டு.

டீயை மைதானத்தின் நடுவில் வைக்காதீர்கள். கம்பிவேலிக்குப் பக்கத்தில், வேலியைப் பார்த்து வையுங்கள். பந்து வேலியில் பட்டு அங்கேயே விழும், பொறுக்க ஓடும் நேரம் மிச்சம். பார்ட்டி முடிந்தால் அலுமினிய ட்ரே மிஞ்சுமே, அதில் இரண்டைக் கழுவி வேலியில் கட்டித் தொங்கவிடுங்கள். பந்து பட்டால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக ஒரு பிள்ளை இருபது முறை சளைக்காமல் அடிக்கும். "முழங்கையை இப்படி வை, இடுப்பை அப்படித் திருப்பு" என்று நாம் தொண்டை கிழியக் கத்துவதைவிட அந்த ட்ரே நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

பந்து வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பட்டால் வீங்கும், சின்னக் கைக்குள் அடங்கவும் அடங்காது. 10 அல்லது 11 அங்குலத்தில், அழுத்தினால் அமுங்குகிற பயிற்சிப் பந்து கிடைக்கிறது. அதை ஒரு வாளி நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பந்து கட்டாயம் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் ஒரே ஒரு பேட். அதைப் பிடித்திருக்கும் பிள்ளையைச் சுற்றிக் கோன் வைத்து வட்டம் போடுங்கள், வட்டத்துக்குள் வேறு யாரும் வரக் கூடாது. பேட்டைத் தொடும் முன் ஹெல்மெட். இதில் செல்லம் கொடுக்க வேண்டாம்.

லெக்ஸ்பின் (சான் ஹோசே):

எதுக்கு இந்த வம்பெல்லாம்? 2028 ஒலிம்பிக்ஸுக்கு கிரிக்கெட்டே வருது. பேசாமல் அதைச் சொல்லிக்கொடுங்க. நமக்குத் தெரிஞ்ச ஆட்டம், பிள்ளையோட பேசவும் ஏதாவது இருக்கும்.

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

லெக்ஸ்பின், அதே 2028க்கு சாஃப்ட்பாலும் வருகிறது, தெரியுமா? 1996இல் அட்லாண்டாவில் முதல்முறை சேர்த்தார்கள். 2008க்குப் பிறகு தூக்கிவிட்டு, டோக்கியோவில் திரும்பக் கொண்டுவந்து, பாரிஸில் மறுபடி விட்டுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் என்று பெயர், ஆனால் சாஃப்ட்பால் நடக்கப்போவது ஓக்லஹோமா சிட்டியில். பருத்திப்பால், உங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம்தான்! அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் இறுதிச் சுற்றும் வருடா வருடம் அங்கேதான், மே கடைசியில் தொடங்கும். பிள்ளையை ஒருமுறை கூட்டிப்போங்கள். டிவியில் பார்ப்பது வேறு, அந்தப் பெண்கள் பந்து வீசும் வேகத்தை நேரில் பார்ப்பது வேறு.

கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். வீட்டு வாசலில் அப்பாவோடு கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் நன்றாகவே ஒத்துழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடித்ததும் பேட்டைக் கையில் பிடித்தபடியே ஓடுவார்கள். அடித்தவர் வரிசையாக மிதித்துச் சுற்றி வர வேண்டிய நாலு இடம்தான் பேஸ், அடிக்கிற இடம் ஹோம். முதல் பேஸ் வந்ததும் கிரீஸில் தேய்ப்பதுபோலத் தரையில் தேய்ப்பார்கள். எங்கள் அணியில் ஒரு குட்டி, பேஸைத் தேய்த்துவிட்டு அடுத்த ரன்னுக்காக வந்த வழியே திரும்பி ஓடினாள். பெற்றோர் எல்லாம் "போ போ" என்று கத்த, அவள் இன்னும் வேகமாக ஹோமுக்கே வந்து சேர்ந்தாள்.

இதற்கு வழி ஒரு ஹூலா வளையம். ஹோமுக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். அடித்ததும் பேட்டை வளையத்துக்குள் வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். பேட்டோடு ஓடுவதும் நிற்கும், அடித்த வேகத்தில் பேட்டைப் பின்னால் வீசுவதும் நிற்கும். பின்னால் வீசுவதுதான் உண்மையில் ஆபத்து, பக்கத்தில் நிற்பவர் மண்டையில் படும்.

சுண்ணாம்புக்கோடு (திண்டுக்கல் மாவட்டம்):

வணக்கம். இங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் சாஃப்ட்பாலும் உண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் என் முதல் வேலை. ஆனால் அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குட்டிகளும் வந்து நிற்கும். விரட்ட மனசு வராது.

எங்களிடம் கிளவுஸ் குறைவு. அதனால் பேஸ் ஓட்டத்தில் இருந்துதான் தொடங்குவோம். அதற்கு ஒரு செலவும் இல்லை. கல்லா மண்ணா ஆடியிருப்பீர்கள்தானே? பிடிப்பவன் "மண்" என்று கேட்டுவிட்டால், கல்லில் நிற்கிற வரை அவன் தொட முடியாது, மண்ணில் இறங்கினால் தொடலாம். பேஸ் என்பது அந்தக் கல்தான். சுண்ணாம்புத் தூளால் நாலு சதுரம் போடுவேன். சதுரம்தான் கல், மற்ற இடம் எல்லாம் மண். ஒரு பிள்ளை கையில் ஸ்பாஞ்சுப் பந்து. பந்து வைத்திருக்கும் கையால் தொட்டால்தான் அவுட், வெறும் கையால் தொட்டால் செல்லாது. இவ்வளவுதான் விதி. ரெண்டே நிமிஷத்தில் புரிந்துவிடும், "டேக் அவுட்" என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

மறுநாள் ஒரு விதி கூட்டுவேன்: ஒரு கல்லில் ஒருத்தர்தான் நிற்கலாம். பின்னால் ஒருத்தி ஓடி வந்தால் முன்னால் நிற்கிறவள் அடுத்த கல்லுக்குப் போயே ஆக வேண்டும். அதற்கு அடுத்த நாள்: அப்படித் துரத்தப்பட்டு ஓடுகிறவளைத் தொடக்கூட வேண்டாம், அவள் போகிற கல்லில் பந்தோடு யாராவது முன்னாடியே காலை வைத்தால் அவுட். ஃபோர்ஸ் அவுட் முடிந்தது. பெரியவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கினாலும் மண்டையில் ஏறாது. இந்தக் குட்டிகள் ஓடி ஓடியே பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பது இந்த வயதில் பெரிய குழப்பம். சதுரங்களுக்குள் ஆளுக்கொரு பொருள் வைப்பேன்: முதலில் ஒரு தேங்காய் மூடி, இரண்டாவதில் பழைய டயர், மூன்றாவதில் ஒரு தகர டப்பா. "தேங்காய், டயர், டப்பா, வீடு" என்று பாடிக்கொண்டே சுற்றுவார்கள். ஓட்டப் பழக்கத்துக்கு மட்டும்தான் இது. பந்து வந்ததும் பொருளை எல்லாம் எடுத்துவிடுவோம், கால் தடுக்கும்.

பருத்திப்பால் (டல்லாஸ் பக்கம்):

ஐயா, கல்லா மண்ணாவை இப்படி யோசித்ததே இல்லை! எங்கள் அணியில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு "லாவா" என்று சொன்னால் புரிந்துவிடும். தரையெல்லாம் நெருப்புக் குழம்பு, பேஸ் மட்டும் தீவு. இங்கே எல்லாப் பிள்ளைகளும் சோபா மேல் ஏறி ஆடுகிற ஆட்டம்தான் அது.

முதல் பேஸைத் தாண்டி ஓடலாம் என்கிற விதியை மட்டும் எப்படிப் புரியவைப்பது? என் மகள் சடன் பிரேக் போட்டு நிற்கிறாள்.

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

பேஸுக்கு நாலைந்து தப்படி தள்ளி ஓர் ஆளை நிற்க வைத்து ஹைஃபைவ் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை ஹைஃபைவுக்காக ஓடும், பேஸ் தானாக மிதிபடும். முதல் பேஸ் இரட்டையாக, பாதி வெள்ளை பாதி ஆரஞ்சாக இருந்தால் "ஆரஞ்சு உன்னுது" என்று மட்டும் சொன்னால் போதும். பந்து பிடிக்கிறவள் வெள்ளையில், ஓடுகிறவள் ஆரஞ்சில். இரண்டு பேரும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடே.

முன்னாள்கேட்சர் (கோவை):

பல்கலைக்கழக அணியில் கேட்சராக இருந்தேன். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஞாயிறு காலையில் கொஞ்சம் ஆடுவதோடு சரி. எறிவது, பிடிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

குழந்தைகள் எறியும்போது வலக்கையால் எறிந்து வலக்காலையே முன்னால் வைப்பார்கள். பந்து இரண்டு அடி தள்ளி விழும். "எதிர்க்காலை வை" என்றால் எது எதிர் என்று குனிந்து பார்த்து நிற்பார்கள். நான் இடது ஷூவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன், அவரவருக்குப் பிடித்த பொம்மைப் படம். "ஸ்டிக்கர் முன்னால போகட்டும், அப்புறம் பந்து போகட்டும்." அவ்வளவுதான். இடக்கைப் பிள்ளைக்கு வலது ஷூவில் ஸ்டிக்கர். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நில், தோளைக் காட்டு என்பதெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், ஸ்டிக்கர் கால் சரியாகப் போனாலே உடம்பு பாதி திரும்பிவிடும்.

இலக்கு இல்லாமல் எறியச் சொல்லாதீர்கள். ஓட்டாஞ்சில்லை அடுக்கி வைத்துப் பந்தால் கலைப்போமே, அதையே பிளாஸ்டிக் டம்ளரில் செய்யுங்கள். கலைத்த பிள்ளைதான் மறுபடி அடுக்க வேண்டும். அடுக்குவதும் அவர்களுக்கு விளையாட்டுதான்.

பிடிப்பதில் பயம்தான் எதிரி. கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, கையை மட்டும் நீட்டுவார்கள். அந்த நேரத்தில் "பந்தைப் பார், பந்தைப் பார்" என்று கத்துவதில் ஒரு பயனும் இல்லை. பந்து பட்டால் வலிக்காது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பலூனில் தொடங்குங்கள், பிறகு சுருட்டிய சாக்ஸ், பிறகு ஸ்பாஞ்சு. கிளவுஸ் கடைசியில்தான். புதுத் தோல் கிளவுஸ் அட்டை மாதிரி விறைத்திருக்கும், ஆறு வயதுக் கையால் அதை மூடவே முடியாது. யாருடையதாவது பழைய கிளவுஸ் கிடைத்தால் அதுவே மேல்.

தரையில் உருண்டு வரும் பந்துக்கு முதலை வாய். கிளவுஸ் கீழ்த் தாடை, மறு கை மேல் தாடை. தாடை தரையில் கிடக்க வேண்டும், பந்து உள்ளே வந்ததும் லபக். கிளவுஸை மேலே தூக்கி வைத்துக் காத்திருக்கும் பிள்ளையிடம் "முதலைக்குப் பசிக்கலையா?" என்று கேட்டால் உடனே குனிந்துவிடும்.

ரசம்சாதம் (ஆஸ்டின்):

நல்ல இழை. நான் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறேன், திட்டாதீர்கள். என் பெண்ணுக்கு ஏழு வயது. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் (கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது) பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகளில் நிறைய ஸ்காலர்ஷிப் இருக்கிறது என்கிறார்கள். இப்போதே தனிப் பயிற்சியாளர் வைத்து விண்ட்மில் பிட்சிங் (கையை முழு வட்டமாகச் சுற்றிக் கீழிருந்து பந்து வீசுவது) கற்றுக்கொடுத்தால் என்ன? சும்மா முதலை, யானை என்று ஆடிக்கொண்டிருந்தால் நேரம் போகாதா?

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

திட்டவில்லை. இந்தக் கேள்வி எல்லா அப்பாவுக்கும் வரும், மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

நடைமுறையைப் பாருங்கள். ஆறு வயதில் டீ, அல்லது கோச் மெதுவாகப் போடும் பந்து. பிள்ளையே பிட்ச் செய்வது பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதுக் கட்டத்தில்தான் சூடுபிடிக்கும், அதுவும் 35 அடியிலிருந்து. கல்லூரிப் பெண்களுக்கு 43 அடி. ஏழு வயதில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டாலும் மேட்சில் அவளுக்கு வேலை இல்லை. அந்த ஒரு வருடத்தில் ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டால் ஸ்காலர்ஷிப் யாருக்குக் கிடைக்கும்?

ஆசை காட்டலாம், தப்பில்லை. 2004இல் ஒரு காட்சிப் போட்டியில் ஜென்னி ஃபின்ச் பந்து வீசி, பேஸ்பால் உலகமே கொண்டாடிய ஆல்பர்ட் புஹோல்ஸை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆக்கினார். வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் அவளே எழுந்து நின்று கையைக் காற்றாடி மாதிரி சுற்றுவாள். சுருட்டிய சாக்ஸைக் கையில் கொடுத்து விட்டுவிடுங்கள். திருத்த வேண்டாம்.

முன்னாள்கேட்சர் (கோவை):

வழிமொழிகிறேன். ஏழு வயதில் கை, தோள் எலும்பெல்லாம் இன்னும் வளர்கிற நேரம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்குப் பதில் ஓடட்டும், தாவட்டும், இரண்டு கையாலும் எறியட்டும். நீச்சலும் சைக்கிளும்கூட சாஃப்ட்பாலுக்கு உதவும்.

ரசம்சாதம் (ஆஸ்டின்):

சரி, சாக்ஸ் சுருட்டப் போகிறேன். ஆனால் பத்து வயதில் மறுபடி வந்து இதே கேள்வியைக் கேட்பேன்.

பனங்கொட்டை (ஸ்காபரோ):

நான் கொஞ்சம் பிந்தி வாறன். இங்க ஏப்ரலிலும் குளிர் விடாது, முதல் சில பிராக்டிஸ் பள்ளிக்கூட ஜிம்முக்குள்ளதான். சின்னப் பிள்ளையளுக்கு அது நல்லதாப் போச்சு. சுவர் இருக்கிறபடியால் பந்து தூரம் போகாது, கூட்டமும் சிதறாது.

நான் ஒரு வேலை செய்வன். பிராக்டிஸ் தொடங்க முந்தி ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பந்தைக் கையில குடுத்து, இண்டைக்கு இந்தப் பந்துக்கு நீதான் பேர் வைக்க வேணும் எண்டு சொல்லுவன். பந்துக்குப் பேர் வச்சிட்டால் அதை எறிஞ்சுபோட்டு விட்டிட்டுப் போகாதுகள். முடிய அதுகளே தேடிப் பொறுக்கி வாளிக்குள்ள போடும். எனக்குப் பந்து பொறுக்குற வேலை மிச்சம்.

பயப்பிடுற பிள்ளையை எல்லாருக்கும் முன்னால அடிக்கச் சொல்லி நிப்பாட்டாதையுங்கோ. ஒரு பிள்ளை பேட்டைத் தொடவே மாட்டன் எண்டு நிண்டுது. சரி அம்மா, நீ எனக்கு உதவியாள் எண்டு சொல்லி, டீயில பந்து எடுத்து வைக்கிற வேலையைக் குடுத்தன். மற்றப் பிள்ளையள் அடிக்கிறதைக் கிட்ட நிண்டு பார்த்துப் பார்த்து, தானே வந்து "நான் ஒருக்கா அடிக்கட்டோ?" எண்டு கேட்டுது. தாய்க்காரி வேலிக்கு அங்கால நிண்டு கண்ணைத் துடைச்சா.

பிறகு இன்னொண்டு. முடிய ஸ்நாக் குடுக்கிற முறை வரும். எங்கட ஆக்கள் ஆசையாக் கச்சான் (நிலக்கடலை) அல்வாவும் கடலை மிட்டாயும் கொண்டு வந்திடுவினம். கச்சான் ஒவ்வாத பிள்ளை ஒண்டு இருந்தால் போச்சு. முதல் நாளே எல்லாப் பெற்றோரிட்டையும் கேட்டு எழுதி வையுங்கோ. தோடம்பழத்தை (ஆரஞ்சு) வெட்டிக் குடுத்தால் பெரும்பாலும் வில்லங்கம் இல்லை.

லெக்ஸ்பின் (சான் ஹோசே):

எல்லாம் சரி. ஸ்கோர் வைப்பீங்களா மாட்டீங்களா? எங்க பக்கம் ஆறு வயசு மேட்ச் ஒண்ணு பார்த்தேன். எல்லாருக்கும் பேட்டிங், யாரும் அவுட் ஆகி உட்காரலை, கடைசிப் பிள்ளை அடிச்சதும் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துட்டாங்க. கடைசியில் எல்லாருக்கும் மெடல். தோத்துப் பார்க்காம எப்படி வளரும்?

பனங்கொட்டை (ஸ்காபரோ):

தம்பி, தோல்வியைக் காட்ட உலகத்தில வேற இடம் எவ்வளவோ கிடக்கு. ஆறு வயசில அதுக்கு என்ன அவசரம்?

சுண்ணாம்புக்கோடு (திண்டுக்கல் மாவட்டம்):

நான் லெக்ஸ்பின் சார் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஸ்கோர் போர்டு வேண்டாம், ஆனால் போட்டியே இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சப்பென்று இருக்கும். நான் கணக்கை மாற்றிவிடுவேன். அணிக்கு அணி இல்லாமல், எல்லாரும் சேர்ந்து கடிகாரத்தோடு போட்டி. நேற்று எல்லோரும் பேஸ் சுற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, இன்று அதை முந்த முடியுமா? மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கும் மற்றவர்கள் கைதட்டுவார்கள். அவள் வந்தால்தானே கணக்கு முடியும்!

லெக்ஸ்பின் (சான் ஹோசே):

இது நல்லா இருக்கே. ஆனா ஒண்ணு, ஸ்கோர் வைக்காட்டியும் பிள்ளைங்களுக்கு ஸ்கோர் தெரியும். கார்ல ஏறினதும் "நாங்க பதினாலு, அவங்க பதினொண்ணு"ன்னு என் பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்றா.

நெறியாளர்:

ஸ்கோர் விவாதம் தொடர விரும்பினால் தனி இழை தொடங்கலாம். இங்கே பயிற்சி முறைகளோடு நிறுத்திக்கொள்வோம். அரசியல் இழையிலிருந்து இங்கே வந்து ஒட்டப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியுள்ளேன்.

கூழாங்கல்27 (திருச்சி):

முதல் பதிவு. சுண்ணாம்புக்கோடு சாரிடம் ஒரு கேள்வி. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன சிமென்ட் தரைதான் இருக்கிறது. பேட், கிளவுஸ் எதுவும் இல்லை. விடுமுறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள். கார் கண்ணாடி உடைந்தால் சங்கத்தில் கூட்டம் போடுவார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

சுண்ணாம்புக்கோடு (திண்டுக்கல் மாவட்டம்):

தாராளமாக. பேஸ்பால்5 என்று ஒன்று இருக்கிறது, உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பே கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு ரப்பர் பந்து, வேறு எதுவும் வேண்டாம். பந்து வீசுபவர் கிடையாது. அடிப்பவரே பந்தைக் கையில் வைத்து உள்ளங்கையாலோ முஷ்டியாலோ அடித்துவிட்டு ஓட வேண்டும். பேஸுக்குப் பேஸ் 13 மீட்டர். சின்னதுகளுக்கு அதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பந்தும் ஸ்பாஞ்சாக இருக்கட்டும், கார் தப்பிக்கும். இதைத் தெரு விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 2022இல் மெக்சிகோ சிட்டியில் உலகக் கோப்பையே நடந்தது, ஆணும் பெண்ணும் கலந்த அணிகள், கியூபா ஜெயித்தது.

சிமென்ட் தரையில் ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி பேஸாகப் போடாதீர்கள், வழுக்கிவிடும். சாக்பீஸால் கோடு போட்டாலே போதும்.

பேட் ஆசை வந்தால் பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் மட்டை கிடைக்கும். டீக்கு உயரமான டிராஃபிக் கோனின் தலையில் பந்தை வைக்கலாம். நாங்கள் பிவிசி குழாயை ஒரு வாளிச் சிமென்டில் நட்டு, மேலே பழைய ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறோம். பேட் பட்டாலும் ரப்பர் வளைந்து கொடுக்கும், குழாய் உடையாது.

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

கிளவுஸ் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பின் ஹாலுக்குள் இந்த ஆட்டம் பிறந்தபோது யாரிடமும் கிளவுஸ் இல்லை. பாக்ஸிங் கிளவுஸ் ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, ஒரு கட்டையால் அடித்து ஆடியிருக்கிறார்கள். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதி எழுதினார். சிகாகோவில் இன்றும் 16 அங்குலப் பந்தில் வெறும் கையோடு ஆடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் இந்தக் கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் ஒருத்தி வீட்டிலிருந்து அவன் அண்ணனுடைய பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ரசம்சாதம் (ஆஸ்டின்):

"அவன் அண்ணனா", "அவள் அண்ணனா"? 😀

மூன்றாம்பேஸ் (நியூ ஜெர்சி):

அவளுடைய அண்ணன்தான். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து டைப் பண்ணினால் இப்படித்தான்.

பருத்திப்பால் (டல்லாஸ் பக்கம்):

முதல் பிராக்டிஸ் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அலுமினிய ட்ரே அபாரம். பத்து நிமிடத்தில் நசுங்கித் தகடாகிவிட்டது, அடுத்த முறை நாலைந்து கொண்டுபோக வேண்டும். லாவா ஆட்டத்தை நிறுத்தவே விடவில்லை. ஒரு பிள்ளை இரண்டாவது பேஸில் உட்கார்ந்துகொண்டு "இது என் தீவு, நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டது. வெயில் கடுமை, அதனால் நேரத்தை 45 நிமிடமாகக் குறைத்து, இடம் மாறும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க வைத்தேன்.

பிரச்சினை இரண்டு. பந்தை அடித்ததும் ஒன்பது பேரும் அதன் மேல் போய் விழுகிறார்கள். தேனீக் கூட்டம்தான். பந்தைப் பிடித்தவளிடமிருந்து அவள் தோழியே பிடுங்குகிறாள். இரண்டாவது, வேலிக்கு வெளியே இருந்து ஒரு அப்பா விடாமல் குரல் கொடுக்கிறார். "முழங்கை! முழங்கை!" பிள்ளை டீயை விட்டுவிட்டு அவரையே பார்க்கிறது.

சுண்ணாம்புக்கோடு (திண்டுக்கல் மாவட்டம்):

தேனீக் கூட்டத்துக்கு அறிவுரை வேலைக்கு ஆகாது, அம்மா. ஒன்பது பேருக்கு ஒரு பந்து என்றால் அப்படித்தான் விழுவார்கள், அது ஆர்வம்தானே. மூன்று பேர் மூன்று பேராகப் பிரித்து, மூலைக்கு மூலை தனி ஆட்டம் விடுங்கள். மேட்சில் அது முடியாது, அங்கே ஆளுக்கொரு வீடு கொடுங்கள். கோனால் வட்டம் போட்டு, "இது உன் வீடு, உன் வீட்டுக்கு வருகிற பந்து உன்னுது, அடுத்த வீட்டுப் பந்துக்குப் போகக் கூடாது, கைதட்டலாம்." ஓர் இன்னிங்ஸ் முடிந்ததும் வீடு மாற வேண்டும். இல்லையென்றால் பந்தே வராத வீட்டுக்காரி மண்ணில் கோலம் போட ஆரம்பித்துவிடுவாள்.

பனங்கொட்டை (ஸ்காபரோ):

அந்த அப்பாவை உள்ளுக்குக் கூப்பிடுங்கோ. "அண்ணை, எனக்கு ஒரு ஆள் குறையுது, பந்து உருட்டி விடுவியளோ?" எண்டு கேளுங்கோ. ஆனால் அவரின்ர பிள்ளை இருக்கிற குழுவில விடாதையுங்கோ, மற்றக் குழுவுக்கு அனுப்புங்கோ. ஊர்ப் பிள்ளையளோட எல்லாரும் நல்ல பொறுமைதான்.

பருத்திப்பால் (டல்லாஸ் பக்கம்):

ஹா ஹா, செய்கிறேன். கடைசியாக ஒன்று. அணியில் ஒரு பிள்ளை எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடக்கை. அவள் அம்மா கடைக்குப் போனால் கிளவுஸில் ஆர்.எச்.டி., எல்.எச்.டி. என்று போட்டிருக்கிறதாம். எதை வாங்குவது? பேட்டும் எடை பார்த்து வாங்க வேண்டுமாம்.

முன்னாள்கேட்சர் (கோவை):

அந்த எழுத்து எந்தக் கையால் எறிகிறோம் என்பதைச் சொல்கிறது, எந்தக் கையில் மாட்டுகிறோம் என்பதை இல்லை. இடக்கையால் எறிகிற பிள்ளைக்கு எல்.எச்.டி., அதை வலக்கையில் மாட்ட வேண்டும். வாங்கும் முன் அவளிடம் ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொல்லிப் பாருங்கள். எழுதுவது இடக்கையாக இருந்து எறிவது வலக்கையாக இருக்கிற பிள்ளைகளும் உண்டு. அளவு 9லிருந்து 10 அங்குலத்துக்குள் போதும், வளர்ந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிதாக வாங்கினால் கையில் நிற்காது.

பேட் 24லிருந்து 26 அங்குலம். ஒரு கையால் பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கித் தாழ்ந்தால் அது அவளுக்குக் கனம், அடுத்ததைப் பாருங்கள்.